வசனமில்லாத வேஷம்

காலையில் மாட்டிய ஹெட்செட்டைச் சாயங்காலம் கழற்றும்போது அவருக்குக் காது இரண்டும் சூடு வைத்தது போல் எரியும். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் முதல் திட்டு அவருக்குத்தான். குழாயில் கொட்டாதது எல்லாம் போனில் கொட்டும். "உங்க சிரமத்துக்கு வருந்துறோம். உங்க புகாரப் பதிவு பண்ணியாச்சு. சீக்கிரம் ஆள் வருவாங்க" என்று அவர் சொல்ல வேண்டும். ஆளை அனுப்புவது வேறு பிரிவு. எப்போது அனுப்புவார்கள் என்று அவருக்கும் தெரியாது. வருந்துகிற பொறுப்பை மட்டும் இவரிடம் கொடுத்திருந்தார்கள். பேசுவதெல்லாம் பதிவாகிறது என்பதால் குரல் உயரக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது, ஒருத்தர் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் "சொல்லுங்க சார்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்படியே தலை நரைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். ஆபீசில் வாய்க்குச் சம்பளம், வீட்டில் வாய்க்கு விடுமுறை. மனைவி ஏதாவது கேட்டால் "ம்" என்பார். இன்னும் கொஞ்சம் கேட்டால் "ம், பாக்கலாம்" என்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் போன் பண்ணினால், "சாப்பிட்டியா? இந்தா அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டிவிடுவார். கெட்டவர் இல்லை. குடி இல்லை, கோபம் இல்லை, ஒருநாள் கையை ஓங்கியதில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு பெண் யாரிடம் போய்க் குறை சொல்ல முடியும்? சொன்னால் "உனக்குக் கொழுப்பு" என்பார்கள். அவளும் சொல்லவில்லை.

அவள் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளை ஊசியம்மா என்பார்கள். நரம்பு கிடைக்காத கிழவர்கள், கையைத் தொட்டாலே அலறும் குழந்தைகள் எல்லாரும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள். வந்தவள் இரண்டு டம்ளரில் டீ போட்டு, ஒன்றை அவர் முன்னால் வைத்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவாள். அவர் "ம்" போடுவார். கேட்டாரா, இல்லை காது எரிச்சலில் சும்மா தலையாட்டினாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை.

அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் ஒரு கோட்டை. அங்கே அவர் போய்ச் சேர்ந்ததே ஒரு புகாரில்தான். பிளைவுட் கடைக்காரர் ஒருவர், தன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று விடாமல் போன் பண்ணினார். ஒவ்வொரு தடவையும் இவரே எடுக்கும்படி ஆனது. நாலாவது தடவை கடைக்காரர் தண்ணீரை மறந்துவிட்டு, "சார், உங்க குரல் இருக்கே, அரண்மனைல மணி அடிச்ச மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை எங்க ஆட்டத்துக்கு வாங்களேன்" என்றார். ஆட்டம் என்றால் சீட்டாட்டம் என்று நினைத்துத்தான் இவர் போனார்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. மாதத்தில் ஒரு ஞாயிறு அதைக் கோட்டையாக்கிக்கொண்டு கொஞ்சம் பேர் கூடுவார்கள். இது நாடகம் கிடையாது, ஏனென்றால் பார்க்க ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லாருமே ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, காலை மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி அடிக்கும்வரை அந்த ஆளாகவே வாழ வேண்டும். பல் டாக்டர் அரசர். வருமான வரி ஆலோசகர் மந்திரி, அவர் வேஷம் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி இருப்பார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். பஸ் கம்பெனியில் டைப் அடிக்கிற பெண் ஒருத்தி கொள்ளைக்கூட்டத் தலைவி. மதில், சிம்மாசனம், கோட்டைக் கதவு எல்லாம் பிளைவுட்டால் ஆனவை என்று சொல்லவே வேண்டாம்.

சட்டங்கள் கொஞ்சம்தான். கைப்பேசிகள் எல்லாம் வாட்ச்மேன் அறையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். உள்ளே வந்தபின் வீட்டுப் பேச்சு, ஆபீஸ் பேச்சு கூடாது. பசித்தாலும், வலித்தாலும், எதிரில் நிற்பவர் உங்கள் சொந்தத் தம்பியே ஆனாலும் வேஷத்தை விடக்கூடாது. நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் உள்ளங்கையால் தரையைத் தட்டி "மெய்" என்று சொல்ல வேண்டும். சொன்ன நொடியில் அரசர் பல் டாக்டராகிவிடுவார், முதலுதவிப் பெட்டி வரும். யாரோ ஒருவர் டீ ஆறிப்போனதற்கு "மெய்" சொல்லி, அன்றோடு கோட்டையை விட்டு நீக்கப்பட்டார்.

முதல் நாள் பிளைவுட்காரர் இவருக்குக் கட்டியக்காரன் வேஷத்தை எடுத்து வைத்திருந்தார். அரசர் வரும்போது பட்டங்களை எல்லாம் அடுக்கிக் கூவ வேண்டும். இவர் அந்தத் தாளைப் பார்த்தார். பக்கம் பக்கமாக வசனம்.

"பேசாத வேஷம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"என்ன சார், உங்க குரலுக்காகத்தான கூப்பிட்டேன்?"

"இருக்கா, இல்லையா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "வாசல்ல நிக்க ஒரு காவல்காரன் வேணும். ஆனா அவன் ஊமை. பழைய ராஜா நாக்க அறுத்துட்டான்னு கதை. யாரும் அந்த வேஷத்துக்கு வரமாட்டேங்கறாங்க."

"அதக் குடுங்க" என்றார் இவர்.

பிளாஸ்டிக் வாளியை அறுத்து வெண்கல நிறம் அடித்த தலைக்கவசம். முனையில் ரப்பர் வைத்த பைப் ஒன்று ஈட்டி. அதைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலில் நின்ற அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் வாழ்க்கையில் எத்தனையோ வருடம் கழித்துக் கிடைத்த முதல் ஓய்வு. ஆட்கள் வருவார்கள், கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், சாபம் கொடுப்பார்கள். எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய சிரமத்துக்கும் வருந்த வேண்டியதில்லை. அரச முத்திரை இருந்தால் கதவைத் திறப்பார். இல்லாவிட்டால் கல்லுளிமங்கன் மாதிரி நிற்பார், அவ்வளவுதான். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவருக்குப் பாட்டு முணுமுணுக்கத் தோன்றியது.

பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. கோட்டையில் ஊமைக் காவலர் என்றால் தனி மரியாதை வந்துவிட்டது. அவரைச் சிரிக்க வைக்கப் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. கொள்ளைக்காரப் பெண் ஒருமுறை அவர் முன்னால் மந்திரி மாதிரி நடந்து காட்டினாள், நிஜ மந்திரியே சிரித்தார், இவர் கண் இமைக்கவில்லை. இன்னொரு தடவை காதுக்குக் கீழே குளவி கொட்டியது. கழுத்து வீங்கி, கண்ணில் தண்ணீர் வழிய, மணி அடிக்கும்வரை நின்றார். மணி அடித்தபின்தான் "அம்மா" என்றார். "குளவி கொட்டினா மெய் சொல்லலாமே அண்ணே" என்று பிளைவுட்காரர் பதறினார். "காவலருக்கு நாக்கு ஏது?" என்றார் இவர். அந்தப் பதிலைக் கோட்டையில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அன்று இரவு வீங்கிய கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தது யார் என்று அவர்களில் ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் அவளுக்கு அந்த அழைப்பு வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் புதிய மருத்துவமனை. பரிசோதனைக் கூடத்தை முதலிலிருந்து அமைத்து, தலைமையாக இருந்து நடத்த அவள் வேண்டும் என்றார்கள். இத்தனை வருடமும் அவளை "கொஞ்சம் வந்து இந்த நரம்பப் பாருங்க" என்று கூப்பிட்டவர்கள்தான் உண்டு, "வந்து நடத்துங்க" என்று கூப்பிட்டவர் இல்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் எல்லாம் இவரைப் பற்றித்தான். இவர் கேட்டால் அந்த ஊருக்கு மாற்றல் கிடைக்கும், அங்கேயும் குடிநீர் வாரியம் உண்டு, அங்கேயும் குழாயில் தண்ணீர் வராது. வர மனம் இருந்தால் போதும்.

"வரீங்களா?" என்று அவள் முதல் நாள் கேட்டபோது, "ம், பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, "யோசிக்கணும்" என்றார். யோசித்தாரா என்றால் அதுவும் இல்லை. யோசிக்க உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. புது ஊர், புது வீடு, புது ஆட்கள், மறுபடியும் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே அவருக்கு உடம்பு அசந்துவிடும். கோட்டையை விடவேண்டும் என்பதும் உள்ளே ஓர் ஓரத்தில் குத்தியது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எவரோ சொல்லிவைத்திருக்கிறார், கல்யாணம் ஆகாதவராக இருக்கும்.

மருத்துவமனைக் குடியிருப்பில் குடும்பம் தங்குகிற வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டு வேறு ஒருவரும் காத்திருந்தார். குடும்ப வீடா, தனி அறையா என்று ஞாயிறு சாயங்காலத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும், மறுநாள் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஈட்டியின் ரப்பர் முனையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொல்லணுங்க. என்ன சொல்றது?"

"நாளைக்கு ஆட்டம் இருக்கே."

"தெரியும். அதான் இன்னைக்குக் கேக்கறேன்."

"ஆட்டம் முடியட்டும். மணி அடிச்சதும் சொல்லிடறேன்."

அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "அப்ப நானும் வரேன்" என்றாள்.

"எங்க?"

"உங்க கோட்டைக்குத்தான். இத்தன வருஷமாப் போறீங்க, அங்க என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பாக்கறேன்."

அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவளிடம் காட்ட அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. "வா, ஆனா உள்ள வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டக்கூடாது. அது சட்டம்" என்றார்.

"பழகினதுதான்" என்றாள் அவள்.

மறுநாள் வாட்ச்மேன் அறையில் பிளைவுட்காரர் அவளுக்குச் சட்டங்களை எல்லாம் விளக்கினார், தரையைத் தட்டி "மெய்" சொல்வதை இரண்டு தடவை செய்து காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய போர்வையை மேலே போர்த்திவிட்டு, "அண்ணி, நீங்க வழிப்போக்கி. ஊரை விட்டுப் போறீங்க. கோட்டை வாசல்ல வந்து அனுமதி கேக்கணும். காவலர் விடமாட்டார். அரசர் வந்து விசாரிப்பார். என்ன தோணுதோ பேசுங்க, ஒண்ணும் பயம் இல்ல" என்றார். ஆட்டத்துக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் கொடுக்கிற வேஷம்தான் அது. அவர் மேல் தப்பில்லை.

மத்தியானம் வெயில் பிளைவுட் மதிலில் பட்டு, பசை நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. காவலர் வாசலில் நின்றார். வரிசையில் ஒரு வியாபாரி வந்தான், "வாயிற்காப்போனே, வழிவிடு! எம் வண்டிகளில் இருப்பது மன்னருக்கான முத்துக்கள்!" என்றான். முத்திரை இல்லை. காவலர் அசையவில்லை. அப்புறம் ஒரு துறவி வந்தார், சபித்துவிட்டுப் போனார். மூன்றாவதாக அவள் வந்தாள். போர்வை பெரியதாக இருந்ததால் ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"நான் கிளம்பறேன்" என்றாள்.

செந்தமிழ் இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு. புதியவள் தானே, பேச்சு வரவில்லை என்று காவலர் நினைத்துக்கொண்டார். பார்வையை எதிரே இருந்த தொழிற்சாலைத் தொட்டியின் மேல் வைத்தார். அங்கே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"போற ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. வேலை தெரியும். வேலையப் பத்திப் பயம் இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவத் திறக்கறதுதான் பயமா இருக்கு."

பக்கத்தில் நின்ற வியாபாரி வேஷக்காரர் திரும்பிப் பார்த்தார். துறவி நின்றுவிட்டார். கொள்ளைக்காரப் பெண் மதிலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காலைல எந்திரிச்சா கை தன்னால ரெண்டு டம்ளருக்குத் தண்ணி வைக்குது. ஒரு டம்ளருக்கு எவ்வளவு வைக்கணும்னே எனக்குத் தெரியாது. வயசான காலத்துல இதப் போய் நான் புதுசாக் கத்துக்கணுமா? சொல்லுங்க."

என்னமாய் நடிக்கிறாள் என்று காவலர் ஆச்சரியப்பட்டார். வீட்டு விஷயத்தையே எடுத்து வேஷத்துக்குள் போட்டுவிட்டாளே, பத்து வருடம் ஆடியவர்களுக்கும் வராதே இது! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இது ஆட்டம்தானா என்று சந்தேகம் எட்டிப் பார்த்தது. அவள் கை தரைக்குப் போகிறதா என்று கடைக்கண்ணால் பார்த்தார். போகவில்லை. நிஜமாக இருந்தால் தட்டியிருப்பாள், பிளைவுட்காரர் இரண்டு தடவை செய்து காட்டினாரே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். சட்டத்தை நம்பினார் மனிதர். கூடவே குடும்பம் நடத்திய கண்ணை நம்பவில்லை. எனக்கு இந்த இடத்தை நினைத்தாலே அவரைப் பிடித்து உலுக்கலாம் போல வருகிறது.

அந்தச் சமயம் பார்த்து அரசர் எழுந்தருளினார். "பெண்ணே! உன் துயரம் எம் நெஞ்சைத் தொட்டது. யாம் உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அரசரை எதிர்த்து இப்படி ஒருவரும் பேசியதில்லை. பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் காவலருக்கு இன்னும் கிட்டே வந்தாள். "நீங்க பேசமாட்டீங்கன்னு தெரியும். பேச வேணாம். உங்க சட்டத்த நான் கெடுக்கல. என்கூட வரதா இருந்தா தலைய மட்டும் ஆட்டுங்க. அதுவும் கூடாதுன்னா அந்தக் கம்பக் கொஞ்சம் சாய்ங்க. எனக்குப் புரிஞ்சிடும்."

ஈட்டியைச் சாய்த்தால் முத்திரை இல்லாமலே வழிவிட்டதாக அர்த்தம். கோட்டை வாசலை அவர் அப்படித் திறந்ததே இல்லை. எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்தது. காவலர் முதுகை நிமிர்த்தினார். காக்கை பறந்து போய்விட்டது, வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளவி கொட்டிய அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு நன்றாக நின்றதில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைப் பற்றிப் பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். அரசனை நம்பிப் பெண்டாட்டியைக் கைவிட்டவனைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். ரத்தம் எடுக்கும்போது நரம்பு தட்டுப்படும்வரை காத்திருப்பாளே, அந்த மாதிரி அவசரம் இல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "சரிங்க" என்றாள். போர்வையைக் கழற்றி மடித்து அங்கிருந்த திண்டின் மேல் வைத்துவிட்டு, வாட்ச்மேன் அறைப் பக்கம் நடந்தாள். கொள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மணி அடித்ததும் கூட்டமே வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. பல் டாக்டர் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கல் கூட உருகியிருக்கும் சார், நீங்க அசையலையே!" என்றார் மந்திரி. பிளைவுட்காரர் அவர் தோளில் ஒரு சிவப்புத் துணியைப் போட்டு, "அண்ணே, அண்ணிய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? அடுத்த மாசம் அவங்கதான் மகாராணி" என்றார். காவலருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாளும் தனக்கு மட்டும் இருந்த ஒன்று இனிமேல் இரண்டு பேருக்கும் ஆகிவிடும் என்று தோன்றியது. அவளைத் தேடிக்கொண்டு ஓடினார்.

அவள் வாட்ச்மேன் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடித்து முடித்த டீ டம்ளர், மடியில் கைப்பை. டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"பின்னிட்டம்மா நீ! எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்? டாக்டரே அழுதுட்டாரு தெரியுமா?" என்றார் அவர் வாசலிலிருந்தே.

"தனி அறையே போதும்னு சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது தலைக்கவசம் இன்னும் தலையில்தான் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப?"

"மத்தியானமே. அந்த வீட்ட அவங்க காத்திருந்தவருக்குக் குடுத்துட்டாங்க."

"ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்னு சொன்னேனே. நீ மெய்னு சொல்லியிருக்கலாமே. தரையத் தட்டியிருந்தா நான்..."

"எனக்குத் தட்டத் தெரியும். அவரு சொல்லிக் குடுத்தாரு." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. "நான் நிஜமா பேசறேனான்னு உங்களுக்குத் தெரியணும்னா நான் தரையத் தட்டணுமா? இவ்வளவு வருஷம் கழிச்சு?"

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். அவர் பேச ஆரம்பித்தார். ஆபீசுக்கு வெளியே அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டிருக்க முடியாது. மாற்றல் கேட்டு உடனே எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். வாடகைக்கு வெளியே வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கோட்டையாவது மண்ணாவது, வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்றார். வரலாம் என்றுதான் மனதுக்குள் இருந்தது, சொல்லத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அது பொய் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. அவருக்கே கேட்கச் சகிக்காமல் நடுவில் நிறுத்திவிட்டார்.

ஜன்னலைப் பார்த்தபடியே அவள் பேசினாள். "உங்க மேல கோபம் இல்லைங்க. நிஜமாவே இல்ல. அங்க நின்னுட்டு இருந்தீங்களே, உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. நம்ம வீட்டுல அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாங்கற நிம்மதி. நான் கேக்கறதும் உங்களுக்கு ஒரு புகார் மாதிரிதான இருந்திருக்கும், இவ்வளவு நாளும்?"

அப்படி இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அப்படித்தான் இருந்தது என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். அவமானமாக இருந்தது. அவள் நின்று நின்று வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்திருந்தாள். அந்தக் கால்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் போவதா, வேண்டாமா, தனக்கு முடியுமா, தனக்குச் சரிப்படுமா என்றுதான் இத்தனை நாளும் இழுத்தடித்திருக்கிறார். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரே கேள்வி கேட்க, பதில் சொல்லியே ஓய்ந்துபோன மனிதர் அவர். தானாக ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ, தெரியவில்லை.

"ஏய்" என்றார். "நான் உன்கூட வரணும்னு உனக்கு ஆசையா?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தது அவருக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துச்சுங்க" என்றாள்.